வீட்டுப் படம்: பாரிஸிலிருந்து வடக்குத்து வரை

வடலூர் வள்ளலாருக்குப் புகைப்படம் கிடையாது. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. சென்னையிலிருந்து புகைப்படக்காரரை வரவழைத்துப் பல முறை எடுத்துப் பார்த்தார்களாம். வெள்ளை ஆடை மட்டும் விழுந்ததாம், உருவம் விழவில்லையாம். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம்புகிறவர்கள் நம்பலாம். எப்படியானாலும் 1874-க்குப் பிறகு அவர் திருமுகத்தை நாம் ஓவியர்களின் கைவண்ணத்தில்தான் பார்த்து வருகிறோம்.

இன்று நம் வீடுகளில் நிலைமை தலைகீழ். படம் ஏராளமாக இருக்கிறது, பார்க்கத்தான் முடியவில்லை. பீரோவின் மேல்தட்டில் கல்யாண கேசட்டுகள், டிராயரில் விரல் நுனி அளவு மெமரி கார்டுகள், மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன கேம்கார்டர். அதை டிவியில் போட்டால் ஒன்று ஓடாது, அல்லது கட்டம் கட்டமாக உடையும், அல்லது சத்தம் வராது. ஏன் இப்படி? இதற்குப் பின்னால் 125 வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் சினிமாவே வீட்டுப் படம்தான்

1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். சினிமாவின் பிறந்தநாள் என்று அதைத்தான் சொல்கிறோம். அன்று காட்டிய பத்து குட்டிப் படங்களில் ஒன்றின் பெயர் 'ரெப்பா த பெபே'. குழந்தையின் சாப்பாடு என்று அர்த்தம். சகோதரர்களில் மூத்தவரான ஒகுஸ்த், மனைவி பக்கத்தில் இருக்க, தன் கைக்குழந்தைக்கு ஊட்டுகிறார். அவ்வளவுதான் படம். ஒரு நிமிஷம்கூட ஓடாது. இன்று நாம் செல்போனில் பேரனுக்குச் சோறூட்டுவதை எடுக்கிறோமே, அதேதான்.

அந்தக் குழந்தையின் பெயர் ஆந்த்ரே. 1918-இல் உலகம் முழுவதும் பரவிய விஷக்காய்ச்சலில் 24 வயதில் இறந்துபோனாள். படத்தில் மட்டும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுப் படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

லூமியேர்கள் தொழிற்சாலை வைத்திருந்தவர்கள், அவர்களால் எடுக்க முடிந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு என்று முதலில் யோசித்தவர்களில் இன்னொரு பிரெஞ்சுக் கம்பெனி முக்கியமானது. பாத்தே கம்பெனி 1922 கிறிஸ்துமஸுக்கு 'பாத்தே பேபி' என்ற சின்ன புரொஜெக்டரை விற்பனைக்கு விட்டது. ஃபிலிமின் அகலம் 9.5 மில்லிமீட்டர், ஓட்டை நடுவில் இருக்கும். மறுவருஷம் அதற்குக் கேமராவும் வந்தது. அதே 1923-இல் அமெரிக்காவில் கோடாக் 16 மில்லிமீட்டரையும், பிறகு 1932-இல் 8 மில்லிமீட்டரையும், 1965-இல் சூப்பர் 8-ஐயும் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஓட்டை அமைப்பு, தனி இயந்திரம். ஒன்றின் ஃபிலிம் மற்றதில் ஓடாது. இன்று நாம் படும் பாட்டுக்குப் பிள்ளையார் சுழி அங்கேயே போட்டாகிவிட்டது.

நம் தமிழ்நாட்டுக்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வழியாகத்தான் ஊர் ஊராகப் போகும் சினிமா வந்தது. 1905-இல் துய்போன் என்பவர் திருச்சியில் உடம்பு சரியில்லாமல் தன் புரொஜெக்டரையும் படங்களையும் விற்க நினைத்தார். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 2,250 ரூபாய் கொடுத்து அதை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். அந்தக் காலத்து 2,250 ரூபாய் என்றால் ஒரு ரயில்வே ஊழியருக்கு என்ன தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படித் தொடங்கிய நம் சினிமாவில் என்ன மிஞ்சியது? நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் கதைப்படம். பிரதி இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதல் படம். பிரதி இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் வந்தது. அதற்குள் பாதி போய்விட்டது. முதலாளிகள் பணம் போட்டு எடுத்து, ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்த்த படங்களுக்கே இந்தக் கதி. நம் வீட்டுக் கேசட்டை யார் காப்பார்கள்?

நெய்வேலி மின்சாரமும் வீடியோவும்

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் சூப்பர் 8 கிடையாது. நமக்கு வீடியோ கேசட் வந்த பிறகுதான் வீட்டுப் படம். ஜப்பானில் ஜேவிசி கம்பெனி விஹெச்எஸ் கேசட்டை 1976-இல் கொண்டுவந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. அதன் பிறகு சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் டெக் வந்து இறங்கியது. கல்யாண மண்டபத்தில் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீடியோக்காரர், அவருக்குப் பின்னால் ஆயிரம் வாட் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மணமக்கள். மறக்க முடியுமா?

அப்போதே ஒரு சிக்கல் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என் போன்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சொல்தா குடும்பங்களுக்குப் பிரான்ஸிலிருந்து உறவினர்கள் கேசட் அனுப்புவார்கள். பேரப் பிள்ளையின் ஞானஸ்நானம், புது வீடு. இங்கே டெக்கில் போட்டால் கலர் வராது, கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேசட் கெட்டுவிட்டது என்று பாட்டிமார் வருத்தப்படுவார்கள். கேசட் கெடவில்லை. பிரான்ஸில் சேக்காம் என்ற கலர் முறை, நமக்கு ஜெர்மனியில் பிறந்த பால் முறை. அமெரிக்காவில் மூன்றாவதாக என்டிஎஸ்சி முறை. அமெரிக்கக் கேசட்டுக்குக் கலர் மட்டுமல்ல, படமே சரியாக நிற்காது.

ஏன் நிற்காது? இங்கேதான் நெய்வேலிக்காரர்களுக்குப் பெருமையான ஒரு விஷயம் வருகிறது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஐரோப்பாவிலும் அப்படியே. அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் என்பார்கள். 60-ஆல் வகுத்தால் 50. 1962-இல் சோவியத் உதவியோடு முதல் மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து இதே கணக்குத்தான். டிவியைக் கண்டுபிடித்த காலத்தில், மின்சாரத்தின் அதிர்வு திரையில் கோடாக ஓடக்கூடாது என்று, டிவியையும் அதே தாளத்துக்கு வைத்தார்கள். எனவே 50 சுற்று மின்சாரம் உள்ள நாடுகளில் வினாடிக்கு 50 அரைப்படம், அதாவது 25 முழுப்படம். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. எனவே அங்கே 60 அரைப்படம்.

அமெரிக்காவில் வாங்கிய கேம்கார்டரை எடுத்துக்கொண்டு வந்து இங்கே கல்யாண மண்டபத்தின் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் படபடவென்று துடிப்பது இதனால்தான். கேமரா அந்த ஊர்த் தாளத்தில் ஓடுகிறது, விளக்கு நம் ஊர்த் தாளத்தில் எரிகிறது. இரண்டும் ஒத்துப்போகாது.

அரைப்படம் என்றேனே, அது என்ன? முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கோடுகளை எடுப்பது, பிறகு 2, 4, 6 என்று இரட்டைப்படைக் கோடுகள். இரண்டையும் சேர்த்தால் முழுப்படம். பழைய பெரிய பெட்டி டிவியில் இது கண்ணுக்குத் தெரியாது. இன்றைய தட்டை டிவியிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டையும் சரியாகச் சேர்க்காவிட்டால், ஓடுகிற குழந்தையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும். ஒற்றைக் கோட்டுக்கும் இரட்டைக் கோட்டுக்கும் நடுவே குழந்தை கொஞ்சம் நகர்ந்துவிட்டதே! ஹெச்டி கேம்கார்டர்களிலும் இந்தப் பழக்கம் பல வருஷம் தொடர்ந்தது.

௸ என்ற ஒரு குறி

ஹெச்டி என்ற தெளிவுப் படம் வீட்டுக் கேமராவுக்கு 2003 வாக்கில் வந்தது. முதலில் ஹெச்டிவி என்ற முறை, பழைய சின்ன டேப்பிலேயே பதியும். பிறகு 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஹெச்டி என்ற முறையை அறிவித்தன. டேப் போயிற்று, கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் வந்தன. நம் வீடுகளில் கிடக்கும் பெரும்பாலான கேம்கார்டர் கார்டுகள் இந்த வகைதான்.

பழைய பால் முறையின் டிஜிட்டல் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். முழு ஹெச்டியில் 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கு மேல். ஐந்து மடங்கு. ஆனால் கார்டில் இடம் ஐந்து மடங்கு எடுக்கவில்லை. பழைய டிஜிட்டல் டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடித்தது. ஏவிசிஹெச்டி அதைவிடக் குறைவாகவே பிடிக்கும். எப்படி?

ஆபீஸில் பதிவேடு எழுதியவர்களுக்கு இது உடனே புரியும். முதல் வரியில் ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் எழுதுவோம். அடுத்த வரியிலும் அதே ஊர் என்றால் என்ன செய்வோம்? மேற்படி. பழைய பத்திரங்களில் ௸ என்று ஒரு சுழி. இந்தப் புது முறையும் அதைத்தான் செய்கிறது. ஒரு படத்தை முழுசாக எழுதிவிட்டு, அடுத்த படங்களில் சுவர் மேற்படி, தூண் மேற்படி, அம்மாவின் கை மட்டும் இவ்வளவு நகர்ந்தது என்று எழுதிக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு முழு வரி.

இடம் மிச்சம். ஆனால் படிப்பவருக்கு வேலை அதிகம். ஒவ்வொரு மேற்படிக்கும் மேலே போய்ப் பார்த்து, கூட்டிக் கழித்து, வினாடிக்கு 25 முழுப்படம் தயார் செய்ய வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் இதில் மூச்சு வாங்கின. படம் திக்கித் திக்கி நின்றதற்குக் காரணம் இதுதான். முழு வரி எழுதிய பக்கம் கொஞ்சம் கிழிந்தால் கீழே உள்ள மேற்படி எல்லாம் அர்த்தமில்லாமல் போகும் அல்லவா? கார்டில் ஒரு சின்னப் பழுது வந்தால் திரையில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறுவதும் அப்படித்தான்.

எங்கள் தெருவில் ஒரு கார்டு

வடக்குத்தில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம். சுரங்கத்துக்கு நிலம் போன ஊரிலிருந்து வந்தவர்கள். நம் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது, 1956-இல் நிறுவனம் பிறந்தது, 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது என்றெல்லாம் படிக்கிறோம். அதே கதையின் மறுபக்கத்தில் ஊர்கள் இருக்கின்றன. குளம், கோயில், பலாமரம், முந்திரித் தோப்பு எல்லாம் இருந்த ஊர்கள். இன்று அந்த இடத்தில் நின்று பார்க்க நிலமே இல்லை, பள்ளம்தான்.

அந்த வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஊர் காலியாவதற்கு முன் கடைசியாக நடந்த மாரியம்மன் செடல் திருவிழாவை ஹெச்டி கேம்கார்டரில் எடுத்திருந்தான். கார்டு டிராயரில் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தது. பையனின் பாட்டிக்கு 80 வயதுக்கு மேல். ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

டிவியில் யுஎஸ்பி வழியாகப் போட்டோம். படம் வந்தது, சத்தம் வரவில்லை. பம்பைக்காரர் ஓங்கி அடிக்கிறார், சத்தமில்லை. பாட்டியின் அண்ணன் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், சத்தமில்லை. காரணம் சாதாரணம். இந்தக் கேமராக்களில் ஒலி பெரும்பாலும் டால்பி முறையில் பதிவாகும். அதை ஓட்ட டிவி தயாரிப்பவர் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. விலை குறைந்த டிவிகளில் அதை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. செடல் குத்திய ஆள் தேரை இழுக்கும் நேரத்தில் படம் வெட்டி நின்று, ஒரு நொடி இருட்டாகி, மறுபடி தொடங்கியது. நீளமான காட்சியைக் கேமரா 2 ஜிபி, 4 ஜிபி என்று துண்டு போட்டு வைக்கும். துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்ற குறிப்பு பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். படம் உள்ள ஃபைலை மட்டும் பெயர்த்து எடுத்தால் குறிப்பு விடுபட்டுவிடும்.

காசு வாங்காத பிள்ளைகள்

அந்த வீட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன்தான் இதைத் தீர்த்தான். ராஸ்பெர்ரி பை என்று உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று. 2012-இல் இங்கிலாந்தில் 35 டாலர் விலையில் வந்தது. மேற்படிக் கணக்கைப் போடத் தனிப் பகுதி அதன் சில்லுக்குள்ளேயே இருந்தது. அதில் கோடி என்ற மென்பொருளைப் போட்டு டிவியோடு இணைத்தான். இது 2003 வாக்கில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதியது, 2014-இல்தான் கோடி என்று பெயர் மாற்றினார்கள். நம் கோடி ரூபாய் அல்ல, இலவசம்.

இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். கம்ப்யூட்டரில் ஆரஞ்சு நிறத்தில் சாலைக் கூம்பு போட்ட விஎல்சி பார்த்திருப்பீர்கள். பாரிஸ் பக்கத்தில் எகோல் சாந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள், தங்கள் விடுதி நெட்வொர்க்கில் டிவி பார்க்க 1996-இல் தொடங்கிய வேலை அது. 2001-இல் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் வேலை செய்யும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் தொகுப்பைத் தொடங்கியவர் ஃபப்ரிஸ் பெல்லார், அவரும் பிரெஞ்சுக்காரர். கோடியும் அதை வைத்துத்தான் படம் காட்டுகிறது.

கம்பெனிகள் என்ன செய்தன? மைக்ரோசாஃப்ட் 2002-இல் வீட்டு டிவிக்காக மீடியா சென்டர் கொண்டுவந்தது, 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் ஏவிசிஹெச்டியும் ஓடியது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரையே எடுத்துவிட்டார்கள். விஹெச்எஸ் டெக் செய்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் நிறுத்திக்கொண்டது. குறை சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். விற்கும் வரை காப்பார்கள். அதன் பிறகு காப்பது வேறு யாராவது.

பெயர் யார் எழுதுவது?

அன்று சாயங்காலம் பாட்டி ஊரைப் பார்த்தார்கள். பம்பைச் சத்தமும் கேட்டது. ஆனால் நான் கவனித்தது வேறு. பிள்ளைகள் ஒவ்வொரு முகத்துக்கும் "இது யாரு ஆயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "அது என் நாத்தனா. அந்த வருஷம் ஐப்பசியில போய்ட்டா." "அந்தக் கெணறு எங்க மாமனார் வெட்டினது." பாட்டி சொல்லச் சொல்லத்தான் அது அவர்கள் ஊர் ஆனது. அதற்கு முன் அது ஏதோ ஒரு திருவிழா.

கார்டில் அந்தக் காட்சிகளுக்குப் பெயர் என்ன தெரியுமா? 00003.எம்டிஎஸ், 00004.எம்டிஎஸ். வெறும் எண். யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று எங்கும் இல்லை. பதிவறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டியலில் ஏறாத கோப்பு இருந்தும் இல்லாததுதான். கட்டுக்குள் பத்திரமாக இருக்கும், தேடுபவர் கைக்குக் கிடைக்காது.

படம் ஓடாத சிக்கலை யாரோ தூரத்துப் பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள், இனி வருகிற சிக்கலையும் தீர்ப்பார்கள். முகத்துக்குப் பெயர் சொல்ல பாரிஸில் ஆள் கிடையாது. அது நம் வயதுக்காரர்கள் தலைக்குள்தான் இருக்கிறது, அதற்கு நகல் இல்லை.

ஆகவே நண்பர்களே, வீட்டில் கேம்கார்டர் கார்டு இருந்தால் உள்ளே உள்ள ஃபோல்டர் முழுவதையும் அப்படியே பெயர்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். கார்டை நம்பி வருஷக்கணக்கில் விடாதீர்கள், மின்சாரம் படாமல் கிடந்தால் அதில் உள்ளது மெல்ல அழியும். கேசட் என்றால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதை இன்னும் அவசரமாக மாற்றுங்கள். பிறகு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள். ஃபைல் எண், நிமிஷம், யார், உறவு, ஊர். ஐந்து கலம் போதும். இங்கே மட்டும் மேற்படி போடாதீர்கள், ஒவ்வொரு வரியிலும் பெயரை முழுசாக எழுதுங்கள்.

சுரங்கத்துக்குப் போன ஊர்களின் படம் யாரிடமாவது இருந்தால், அந்த நோட்டை இந்த வாரமே தொடங்குங்கள். எங்கள் தெருப் பாட்டி இதுவரை 11 பக்கம் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் தெற்குத் தெரு பாக்கி.